அப்பாவின் கட்சிக்குப் போடவில்லை, அவர் என்னோடு கதைப்பதில்லை

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 36, அலுவலக வேலை. கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, எங்கள் வீட்டில் எல்லாரும் எப்போதும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குத்தான். அப்பாவுக்கு 71 வயது, சங்கக் கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். 77ஆம் ஆண்டுத் தேர்தலில் இளந்தாரியாக ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டித் திரிந்தவர். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் நான் முதல் தடவையாகத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் அவர்கள்தான் முதலிடம் என்று டிவியில் சொன்னதும் சந்தோசத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அப்பா என்னைப் பார்த்து 'துரோகி' என்றார். அன்று தொடக்கம் நேரே கதைப்பதில்லை. மருந்து, கரண்ட் பில் எல்லாம் அம்மா ஊடாகத்தான். சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் பார்க்கப் போவதையும் விட்டுவிட்டார். ரொறன்ரோவில் இருக்கிற பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் குத்திக் குத்தி வொய்ஸ் போடுகிறார். 2025 உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் நின்றவர் நல்ல மனிசன் என்பதால் மறுபடி வீட்டுக்கே போட்டேன், அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் அலுவலகத்தில் யாராவது அரசாங்கத்தைக் குறை சொன்னால், எனக்கே பிடிக்காத விசயத்துக்குக்கூட நின்று வாதாடுகிறேன், ஏன் என்று விளங்கவில்லை. நான் செய்தது துரோகமா? அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவா? இனி வீட்டுக்கே போடுகிறேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தால் பிரச்சினை முடியுமா?"

தங்கச்சி, கேட்ட மூன்றுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாகக் கதைப்போம். நீங்கள் செய்தது துரோகம் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்டால் பிழை செய்தேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும், மனதில் இல்லாததை வாயால் சொல்கிறீர்கள் என்று அப்பாவுக்கும் விளங்கிவிடும். சத்தியம் பண்ணிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நாளைக்கு அந்தக் கட்சி ஒரு ஊழல்காரரை நிறுத்தினாலும், அப்பாவுக்குச் சொன்ன சொல்லுக்காக அவருக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்து ஐந்து வருசம் மனதுக்குள் குமைந்துகொண்டு இருப்பீர்கள்.

ஊரில் நீங்கள் ஒருவர் மட்டும் மாறியது போல எழுதியிருக்கிறீர்கள். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் திசைகாட்டியில் நின்ற அநுரகுமார திசாநாயக்கவுக்கு விழுந்தது ஏறத்தாழ 27,000 வாக்கு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 14ஆம் திகதி அதே மாவட்டத்தில் அவருடைய கட்சிக்கு 80,000க்கு மேல் விழுந்தது, ஆறு ஆசனத்தில் மூன்று கிடைத்தது. தமிழரசுக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, ஊசிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. பிறகு 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் மாவட்டத்தில் தமிழரசு மறுபடி முன்னுக்கு வந்துவிட்டது. எட்டு மாதத்துக்குள் இத்தனை ஆயிரம் பேர் அங்கேயும் இங்கேயும் போய் வந்திருக்கிறார்கள், அதில் உங்கள் ஒழுங்கைக்காரரும் இருப்பார்கள், அலுவலகத்தில் உங்களோடு தேத்தண்ணி குடிப்பவர்களும் இருப்பார்கள். வீட்டுச் சின்னத்தை விட்டு அசையாதவர்கள்கூட ஆளை மாற்றினார்கள். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அந்தக் கட்சிக்குள்ளேயே மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு போடலாம் அல்லவா, அந்த விருப்பு வாக்கால்தான் 2024இல் தமிழரசின் சிறீதரன் பாராளுமன்றத்துக்குள் போனார், அதே கட்சியின் சுமந்திரன் வெளியே நின்றார். பாராளுமன்றத்துக்கு ஒரு கட்சி, வட்டாரத்துக்கு வேறொரு கட்சியின் நல்ல மனிதர் என்று நீங்கள் பிரித்துப் போட்டதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை. கேள்வி இரண்டும் வேறு, பதிலும் வேறாக இருக்கலாம்.

இனி அப்பாவின் பக்கம். இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அப்பா என்ன செய்தார் என்று கனக்க இருக்கிறது, ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு வரியும் இல்லை.

அவருக்கு 1977 ஜூலையில் 23 வயது இருக்கும். அதற்கு முதல் வருசம்தான் தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். அந்தத் தேர்தலில் தமிழரசும் சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனம் எடுத்து அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். போஸ்டர் ஒட்டித் திரிந்த ஒரு பெடியனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதன் பிறகு அவர் கண்டது 81இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 83 இனக் கலவரம், 87 இந்திய இராணுவச் சண்டை, 95 ஒக்டோபர் இடப்பெயர்வு. கோண்டாவில் சனமும் அன்று தென்மராட்சிக்கு நடந்ததுதானே, நீங்கள் அப்போது சின்னப் பிள்ளை. இத்தனைக்கும் பிறகு அவரிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கட்சி ஒன்றுதான். வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போடும்போது அவர் யாரோ ஒரு வேட்பாளருக்கு மட்டும் போடவில்லை, தான் வாழ்ந்த வாழ்க்கை வீண் போகவில்லை என்பதற்கும் சேர்த்தே போடுகிறார். நீங்கள் சந்தோசத்தில் சொன்னது அவருக்கு வேறு மாதிரிக் கேட்டிருக்கும்.

அதோடு, நீங்கள் போட்ட கட்சியின் மேல் அவருக்கு இருக்கும் கோபம் வெறும் பிடிவாதமும் இல்லை. தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பு மக்கள் விடுதலை முன்னணி என்ற ஜே.வி.பி. 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்தையும் மாகாண சபையையும் ஆயுதம் எடுத்து எதிர்த்த கட்சி அது. 2005இல் அரசும் புலிகளும் சேர்ந்து சுனாமி நிவாரணம் பங்கிட இருந்த பொதுக் கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியேறியது, அதே வருசம் மகிந்த ராஜபக்சவை ஜனாதிபதியாக்க உழைத்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பை உடைக்க உயர் நீதிமன்றம் போனது அவர்கள்தான், 2006 ஒக்டோபரில் தீர்ப்பும் வந்தது. அந்தக் கட்சி இப்போது மாறிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம், நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அது மாறவில்லை என்று அப்பா சந்தேகப்பட்டால் அதற்கும் கையில் காரணம் வைத்திருக்கிறார். இதை ஒருமுறையாவது அவர் முன்னால் ஒத்துக்கொண்டிருக்கிறீர்களா?

அவர் சொன்ன அந்தச் சொல்லை மட்டும் நான் நியாயப்படுத்த மாட்டேன். எங்கள் மண்ணில் அந்தச் சொல் ஏச்சோடு நின்றதில்லை. 1975 ஜூலையில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவைப் பொன்னாலைக் கோயிலடியில் சுட்டதும் அதைச் சொல்லித்தான். 1989 ஜூலையில் அமிர்தலிங்கத்தைச் சுட்டபோதும் அதே பழிதான், உங்கள் அப்பா எந்த மனிதருடைய கட்சிக்காகப் பசை வாளி தூக்கினாரோ அதே அமிர்தலிங்கத்தை. இயக்கங்களுக்கு இடையில், ஊருக்குள், லைட் போஸ்ட்டுகளில் எத்தனை பேர். அது தெரிந்த ஒருவர் தன் பிள்ளையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் பிள்ளைக்கு நோகும், நோகத்தான் வேண்டும். என்னுடைய தொழிலில் நான் கண்டது, அப்படிச் சொன்னவர்களும் அதை மறப்பதில்லை. கோபத்தில் மட்டும்தான் அவர் கதைக்காமல் இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வெட்கத்திலும் இருக்கலாம், எப்படித் திரும்பி வருவது என்று தெரியாமலும் இருக்கலாம்.

இன்னொன்று சொல்கிறேன், ஆனால் இதை எடுத்துக்கொண்டு போய் அவர் முகத்தில் எறிய மாட்டேன் என்று எனக்கு வாக்குத் தாருங்கள். அப்பாவும் மாறியிருக்கிறார். 77இல் அவர் ஒட்டியது உதயசூரியன் போஸ்டர், வீடு இல்லை. தமிழ்க் கட்சிகள் சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2001இல் சூரியனில் நின்று, கட்சிக்குள் சண்டை வந்த பிறகு 2004இல்தான் வீட்டுச் சின்னத்துக்கு வந்தது. 2010 ஜனவரியில் கூட்டமைப்பு யாருக்குப் போடச் சொன்னது? சரத் பொன்சேகாவுக்கு, போரை நடத்திய தளபதிக்கு. யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்களில் கூடுதலானோர் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கே போட்டார்கள். அவரைப் பிடித்தா போட்டார்கள்? 2024 செப்டெம்பரில் தமிழரசின் மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரிக்க முடிவெடுத்தது, ஆனால் சிறீதரன் போன்றவர்கள் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரன் பக்கம், அந்த அரியநேத்திரனும் தமிழரசுக் காரர்தான். அந்தத் தேர்தலில் கட்சிக்கு விசுவாசமாக இருப்பது என்றால் எந்தப் பக்கம் நிற்பது? அப்பா எதற்குப் போட்டிருந்தாலும் தன் சொந்த யோசனையில்தான் போட்டிருப்பார். இன்னும் பின்னால் போனால், தமிழரசுக் கட்சி பிறந்ததே மனம் மாறியவர்களால்தான். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அரசாங்கத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சராக இருந்ததை ஏற்க முடியாமல் செல்வநாயகமும் மற்றவர்களும் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறி 1949 டிசம்பரில் தொடங்கிய கட்சி. 1952இல் காங்கேசன்துறைச் சனம் செல்வநாயகத்தைத் தோற்கடித்து ஐக்கிய தேசியக் கட்சிக்காரரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது, 1956இல் அதே சனம் அவரை அனுப்பியது. 56இல் பருத்தித்துறை பொன். கந்தையா என்ற கம்யூனிஸ்ட்டைத் தெரிவு செய்தது. 1970இல் வட்டுக்கோட்டை அமிர்தலிங்கத்தையே தோற்கடித்தது. எங்கள் சனம் கண்ணை மூடிக்கொண்டு ஒரே சின்னத்துக்குப் போட்ட சனம் இல்லை, தங்கச்சி. கோபம் வந்தால் மாற்றியிருக்கிறது, தேவை வந்தால் திருப்பி எடுத்திருக்கிறது. நீங்கள் அந்த வழக்கத்துக்குள்தான் நிற்கிறீர்கள்.

அப்ப அப்பாவோடு எப்படிக் கதைப்பது? அவரை மாற்றவேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் கலா, புரூக்மன் என்று இரண்டு ஆய்வாளர்கள் பொதுத் தேர்தல் காலத்தில் வீடு வீடாகப் போய்க் கதைப்பது, போன் எடுப்பது, தபால் போடுவது பற்றிய 49 களச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சனம் தெரிவு செய்யும் வேட்பாளரை மாற்ற அவை செய்த வேலை சராசரியில் பூச்சியம். பயிற்சி எடுத்த ஆட்களுக்கே அது முடியவில்லை என்றால், சாப்பாட்டு மேசையில் உங்களால் முடியாது. ஆனால் அதே இருவரும் 2016இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இருக்கிறது, மயாமியில் திருநர் பற்றிய வெறுப்பை வைத்துச் செய்தது. அங்கே போனவர்கள் வாதாடவில்லை. கேள்வி கேட்டார்கள், உங்களையும் யாராவது ஒதுக்கி வைத்த நேரம் இருந்ததா என்று கேட்டு, சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்கள். பத்து நிமிசக் கதை, மூன்று மாதம் கழித்தும் அதன் பலன் நின்றது. கட்சி வேறு, வெறுப்பு வேறு, அது எனக்குத் தெரியும். நான் அதில் இருந்து எடுப்பது அந்தக் கேட்கும் முறையை மட்டும்தான்.

ஆகவே தேர்தலைத் தொடாதீர்கள். அம்மா இல்லாத ஒரு நேரமாகப் பார்த்து, டிவி போடாத நேரமாகப் பார்த்து, அவர் பக்கத்தில் இருந்து 77ஐப் பற்றிக் கேளுங்கள். யாரோடு போனார், இரவில் பசை எங்கே காய்ச்சினார்கள், கூட்டம் எங்கே வைத்தார்கள், அந்தக் கூட்டாளிகளில் இப்போது யார் இருக்கிறார்கள். பதில் வராவிட்டால் எழும்பிப் போங்கள், இன்னொரு நாள் கேளுங்கள். அவர் கதைக்கத் தொடங்கினால் இடையில் "ஆனால் அப்பா" என்று தொடங்க வேண்டாம், இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அவர் ஜே.வி.பி.யைப் பற்றிச் சொன்னால், "ஓம், அதெல்லாம் நடந்ததுதான், எனக்கும் அந்தப் பயம் இருக்கு" என்று உண்மையாக இருந்தால் சொல்லுங்கள். உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லும் நேரம் அதற்குப் பிறகு வரும். அப்போது ஏன் திசைகாட்டிக்குப் போட்டேன் என்று விளக்கம் கொடுப்பதைவிட, அன்று அவர் சொன்ன சொல் நொந்தது என்பதை ஒரே வசனத்தில் சொல்லுங்கள். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் அப்பாமார் அநேகமாகக் கேட்பதில்லை, அடுத்த நாள் சந்தையில் உங்களுக்குப் பிடித்த மீன் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

2025இல் வீட்டுக்குப் போட்டதைச் சொல்லிச் சமாதானம் ஆகலாமா என்று ஒரு ஆசை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. சொல்லாதீர்கள், இப்போதைக்காவது. அதைக் கேட்டு அவர் கதைக்கத் தொடங்கினால், தன் கட்சிக்குப் போட்டால்தான் நீங்கள் அவருக்குப் பிள்ளை என்ற கணக்கு அவருக்கும் உங்களுக்கும் நடுவில் நிலைத்துவிடும். வாக்கு இரகசியமாக வைக்கப்பட்டதற்கு ஒரு காரணம் இதுதான். அது தேர்தல் ஆணைக்குழுவுக்காக மட்டும் இல்லை, குடும்பத்துக்காகவும்.

சரி, இனி உங்கள் பக்கம். அலுவலகத்தில் பிடிக்காததுக்கும் வாதாடுகிறேன் என்று எழுதினீர்களே, கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் அதுதான். 1968இல் வெளியான ஓர் ஆய்வு, கனடாவில் வன்கூவர் குதிரைப் பந்தயத் திடலில் செய்தது. பந்தயம் கட்ட வரிசையில் நிற்பவர்களிடமும், அப்போதுதான் கட்டிவிட்டு வந்தவர்களிடமும், உங்கள் குதிரை வெல்லும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். கட்டி முடித்தவர்களின் நம்பிக்கை தெளிவாகக் கூட இருந்தது. அந்த ஒரு நிமிசத்துக்குள் குதிரையில் ஒரு மாற்றமும் இல்லை, காசு கைமாறியது மட்டும்தான். நீங்கள் திசைகாட்டிக்குக் கட்டிய விலை ஒரு வாக்கு மட்டும் இல்லை, அப்பா உங்களோடு கதைப்பதையே விலையாகக் கட்டியிருக்கிறீர்கள். இவ்வளவு பெரிய விலை கொடுத்து வாங்கியதைப் பிழை என்று ஒப்புக்கொள்ள மனம் விடாது. அதுதான் நின்று வாதாட வைக்கிறது. அப்பா வீட்டுச் சின்னத்துக்கு வாதாடுவதும் இதே காரணத்தால்தான், அவர் கொடுத்த விலை இன்னும் பெரியது.

இதற்கு நான் சொல்லும் வழி சாதாரணமானது. ஒரு கொப்பியில், நவம்பரில் என்ன எதிர்பார்த்துப் போட்டேன் என்று எழுதுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றார்கள், 1979இல் இருந்து எங்கள் பிள்ளைகளைத் தின்ற சட்டம். மாகாண சபைத் தேர்தல் வைப்போம் என்றார்கள். வடக்கில் அது 2013 செப்டெம்பரில் ஒரே ஒரு தடவை நடந்தது, அந்தச் சபையின் காலம் 2018இல் முடிந்துபோனது. வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்த காணிகள், காணாமல் ஆக்கப்பட்டோர், இந்திய இழுவைப் படகுகள், ஊழல், வேலைவாய்ப்பு, உங்களுக்கு எது முக்கியமோ அதை எழுதிப் பக்கத்தில் என்ன நடந்தது என்று இடைக்கிடை குறியுங்கள். செய்தால் செய்தது, செய்யாவிட்டால் செய்யவில்லை. இதே கொப்பியில் தமிழரசுக்கும் ஒரு பக்கம் விடுங்கள், வட்டாரத்தில் நீங்கள் தெரிவு செய்த அந்த நல்ல மனிதருக்கும் ஒரு பக்கம். யாராவது அரசாங்கத்தைக் குறை சொல்லும்போது அது சரியாக இருந்தால் "ஓம், அது எனக்கும் பிடிக்கவில்லை" என்று சொல்லிப் பழகுங்கள். ஒரு கட்சிக்கு வாக்குப் போட்டவருக்கு அந்தக் கட்சியைக் குறை சொல்ல மற்றவர்களைவிடக் கூடுதல் உரிமை இருக்கிறது, நீங்கள் அதைப் பாவிக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

பெரியப்பாவின் வொய்ஸுக்குப் பதில் வேண்டாம். அவருக்கு ஊர் மேல் பாசம் இருக்கிறது, ஆனால் நவம்பரில் அவருக்கு இங்கே வாக்கு இல்லை, இங்கத்தைய சாமான் விலைக்கு வாழ்பவரும் அவர் இல்லை. குழுவை மியூட் பண்ணுங்கள். ஆளை எடுத்து, "பெரியப்பா, சுகமா, குளிர் எப்படி" என்று மாதத்துக்கு ஒருமுறை நேரே கதையுங்கள், அரசியல் எடுத்தால் வேறு கதைக்குப் போங்கள்.

அம்மாவை இனித் தூது விடாதீர்கள், இதில் உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம். அப்பா கேட்டு அனுப்பினால் அம்மா சொல்லட்டும், உங்கள் பதிலை நீங்களே அப்பாவுக்கு முன்னால் போய்ச் சொல்லுங்கள், அவர் திரும்பிப் பார்க்காவிட்டாலும். கரண்ட் பில் கட்டியாச்சு அப்பா, பிறசர் குளிசை முடியுது அப்பா, அவ்வளவு போதும்.

கடைசியாக ஒன்று. அப்பா சனசமூக நிலையத்துக்குப் போவதை விட்டுவிட்டார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கவலை. உங்களோடு கோபம் என்றால் உங்களோடுதான் கதைக்காமல் இருப்பார், பேப்பரையும் கூட்டாளிகளையும் ஏன் விட்டார்? நித்திரை எப்படி, சாப்பாடு குறைந்ததா, கோயிலுக்குப் போகிறாரா, முன்னர் செய்த தோட்ட வேலையைச் செய்கிறாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். இரண்டு மூன்று கிழமையாக எதிலும் ஈடுபாடு இல்லாமல், அதிகாலையில் முழித்துக்கொண்டு, இருந்து என்ன பலன் என்பது போலக் கதைத்தால் அது அரசியலே இல்லை. அப்போது யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது முதலில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். பிறசருக்கு கிளினிக் போகும் நாளில் அங்குள்ள வைத்தியரிடம் அம்மா ஒரு வார்த்தை போட்டால் அவரை இணங்க வைப்பது லேசாக இருக்கும். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.